கட்டளைதான் அயன்மொழி, கருத்துமா அயன்மொழி?

கேட்கத் தெரிந்தவனுக்கே விடை கிடைக்கும். ஏட்டைக் கையில் வைத்திருப்பவன் எத்துணைப் பெரியவனாயினும், அவ்வேட்டில் எழுதியிருப்பது யாதென வினவத் தெரிந்தவன்முன் அவன் அடங்கித்தான் ஆகவேண்டும். வினவத் தெரியாதவனோ, தன் பெயரே எழுதப்பட்ட ஏட்டின் முன்னும் கைகட்டி நிற்பான். இது பழைய உண்மை. ஏடு போய்க் கணிப்பொறி வந்துவிட்ட இற்றை நாளில் அவ்வுண்மை தேய்ந்துவிடவில்லை. பன்மடங்கு கூர்மை பெற்று நிற்கின்றது.

ஆரணி பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். கமண்டல நாகநதிக் கரையிலமைந்த அவ்வூரிலும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலான சுற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தறியோசை கேட்டே பிள்ளைகள் வளர்ந்து வந்துள்ளனர். அவர்தம் பெற்றோர் நெய்த பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நெய்தவர் பலர்க்கோ தமக்கென ஒரு கணக்கேடும் இல்லை. பாவும் ஊடையும் சரிகையும் பெருநெசவாளர் தருவார். கூலிக்கு நெய்வோர் சேலையாக்கித் திருப்பித் தருவர். கொடுத்த பட்டின் எடை, வாங்கிய முன்பணம், அதற்கெனப் பிடித்த கூலி ஆகிய எல்லாம் பெருநெசவாளர் ஏட்டில் இருக்கும். முன்னர் அவ்வேடு தாளாக இருந்தது. எழுத்தறிந்த மகனோ மகளோ எட்டிப் பார்த்துப் படித்துவிடலாம். இன்று அது கணிப்பொறிக்குள் புகுந்து வருகின்றது. எட்டிப் பார்த்தால் திரை தெரியும், கணக்குத் தெரியாது.

தனியார் ஏடு மட்டுமா? கூட்டுறவுக் கழகத்தின் உறுப்பினர் பட்டியலும், நெசவாளர் அடையாள அட்டையும், 2017 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட மின்னணுக் குடும்ப அட்டையும் தரவுத்தளங்களை நம்பியே நடக்கின்றன. 2019-20-ஆம் ஆண்டின் நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 35 இலக்கம் கைத்தறித் தொழிலாளரை எண்ணிப் பட்டியலிட்டது. ஆரணி நெசவாளனும் அப்பட்டியலில் ஒரு வரிசை. அவன் எண்ணப்பட்டான்; அவனுக்கு எண்ணத் தெரியுமா? அவன் பெயரைப் பிறர் வினவுவர்; அவன் பிறரை வினவுவதெப்போது?

அவனுக்குத் தெரியாவிடினும் அவன் பிள்ளைக்குத் தெரிய வழி வந்தது. 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், மேனிலை இரண்டாமாண்டுக் கணினி அறிவியல் நூலில் தரவுத்தளமும், அதனை வினவும் எசு.கியூ.எல். மொழியும் பாடமாக இடம்பெற்றன. தமிழ்வழி நூலும் அச்சாயிற்று. நல்ல வாய்ப்பன்றோ? ஆனால் அவ்வாய்ப்பு வகுப்பறைக்குள் நுழைந்ததும் என்னவாகின்றது என்பதைப் பார்க்கவேண்டும். 'செலக்டு', 'பிரம்', 'வேர்', 'இன்செர்ட்டு', 'அப்டேட்டு', 'டெலீட்டு' என்னும் சொற்கள் பொருள் விளங்காத ஒலிகளாக நெட்டுருச் செய்யப்படுகின்றன. "செலக்டு என்றால் என்ன?" என்று வினவினால், "எசு.கியூ.எல். கட்டளை, ஐயா!" என்று பிள்ளை விடை சொல்லும். "அக்கட்டளை என்ன செய்யும்?" என்றால் வாய் மூடிக்கொள்ளும். மதிப்பெண் வரும், அறிவு வாராது. பின்னர், அதே பிள்ளை பள்ளி முடிந்து, 'முழுதும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படும்' என்று பலகை மாட்டிய பயிற்சிக் கூடத்தின் படியேறி, தறியில் வந்த கூலியைக் கட்டணமாகக் கொட்டி, அதே ஒலிகளை மீண்டும் நெட்டுருச் செய்யும். முன்னர்ப் புரியாத தமிழ்வழி. இப்பொழுது புரியாத ஆங்கிலவழி. வேறுபாடு இவ்வளவே.

"ஆங்கிலம் தெரிந்தால்தான் கணிப்பொறி" என்னும் பொய்யை இக்கூடங்கள் விற்கின்றன, பெற்றோர் வாங்குகின்றனர். இப்பொய்யை வேரோடு பிடுங்க வேண்டுமாயின், எசு.கியூ.எல். மொழிக்குள் ஆங்கிலம் எதற்காக வந்தது என்னும் வரலாற்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

ஆங்கிலம் அங்கே வந்தது எதற்கு?

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர் எட்கர் கோடு. அவர் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குமுன் கணிப்பொறியில் ஒரு செய்தியைத் தேட வேண்டுமாயின், அச்செய்தி எவ்விடத்தில், எவ்வழியில், எதனோடு கோக்கப்பட்டு வைக்கப்பட்டுள்ளது என்பதையெல்லாம் நிரல் எழுதுவோன் அறிந்திருத்தல் வேண்டும். கோடு அதனை மறுத்தார். செய்திகளை எளிய பட்டியல்களாக வைக்க. பட்டியல்களுக்கிடையே உள்ள தொடர்பைச் செய்தியாலேயே காட்டுக. கேட்பவன் 'எது வேண்டும்' என்று மட்டும் சொல்லட்டும், 'எப்படிக் கொணர்வது' என்பதைப் பொறி பார்த்துக் கொள்ளட்டும் என்றார். இதுவே உறவுசார் தரவுத்தளத்தின் உயிர்நிலை. இதற்காக அவர்க்கு 1981-இல் கணிப்பொறித் துறையின் தலையாய பரிசாகிய தூரிங்கு விருது வழங்கப்பெற்றது.

கோடு வகுத்ததோ கணக்கியலார்க்குரிய குறியீடு. அதனைப் பிற மக்களும் ஆள வேண்டுமென்று அதே நிறுவனத்தைச் சேர்ந்த தொனால்டு சேம்பர்லின், இரேமண்டு பாய்சு என்னும் இருவர் 1974-இல் ஒரு மொழியை வெளியிட்டனர். அதன் பெயர் 'சீக்குவல்'. விரித்துரைத்தால், 'கட்டமைந்த ஆங்கில வினவல் மொழி' என்று பொருள்படும். நிரலெழுதும் பயிற்சி இல்லாத கணக்கரும் மேலாளரும் தாம் நாள்தோறும் பேசுகின்ற சொற்களைக் கொண்டே பொறியை வினவட்டும் என்பதே அவர்தம் நோக்கம். 'சீக்குவல்' என்னும் பெயர் பிரித்தானிய வானூர்தி நிறுவனம் ஒன்றன் வணிகப்பெயராக முன்பே இருந்தமையால், அதனைச் சுருக்கி எசு.கியூ.எல். என்றாக்கினர். இன்று அதனை விரிப்போர் 'கட்டமைந்த வினவல் மொழி' என்றே விரிக்கின்றனர். பெயரிலிருந்த 'ஆங்கிலம்' உதிர்ந்துபோயிற்று. 1986-இல் அமெரிக்காவின் தரமாகவும், 1987-இல் அனைத்துலகத் தரமாகவும் அம்மொழி ஏற்கப்பட்டபொழுதும் அப்பெயரில் ஆங்கிலம் இல்லை.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? அவர்கள் ஆங்கிலச் சொற்களை வைத்தது, ஆங்கிலம் அறிவியலுக்கேற்ற உயர்மொழி என்பதற்காக அன்று. கற்போர்க்கு அது தாய்மொழி என்பதற்காக! 'செலக்டு' என்பது ஆங்கிலேயன் கடைத்தெருவில் சொல்லும் சொல். 'வேர்' என்பது அவன் பிள்ளை மூன்று அகவையில் கேட்கும் கேள்வி. எளிமை கருதி அவர்கள் தம் அடுக்களைச் சொல்லை எடுத்துப் பொறிக்குக் கொடுத்தனர். அவ்வடுக்களைச் சொல் ஆரணிக்கு வந்தபொழுது, கோயிற் கருவறையில் முணுமுணுக்கப்படும் புரியாத ஒலியாக மாறிவிட்டது. தாய்மொழியால் எளிதாக்கப்பட்ட ஒன்றைத் தாய்மொழியை நீக்கிவிட்டுக் கற்பிப்பதைப் போன்ற அறியாமை பிறிதுண்டோ? சேம்பர்லினையும் பாய்சையும் உண்மையாகப் பின்பற்றுவோன், ஆரணியில் அம்மொழியைத் தமிழாற்றான் கற்பிப்பான்.

தறியே தரவுத்தளம்

தமிழாற் கற்பித்தல் என்பது, ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச்சொல்லை எழுதிவிட்டு அமர்ந்துவிடுவது அன்று. கற்கும் பிள்ளையின் வாழ்விலிருந்து பொருளை எடுத்து விளக்குதல் வேண்டும். ஆரணிப் பிள்ளைக்கு அதற்குப் பஞ்சமில்லை.

பட்டியல் என்பது நெடுவரிசையும் கிடைவரிசையும் கூடியது. நெடுக்கே ஓடும் பாவைப் போன்றது நெடுவரிசை. அது முதலிலேயே அளந்து அமைக்கப்படும். குறுக்கே ஒவ்வொன்றாக வந்து சேரும் ஊடையைப் போன்றது கிடைவரிசை, நாள்தோறும் வளரும். பாவு அமையாமல் ஊடை ஓடாது. 'கிரியேட்டு' என்னும் ஆக்கற் கட்டளை பாவு பூட்டுவது. 'இன்செர்ட்டு' என்னும் சேர்த்தற் கட்டளை ஊடை போடுவது. இதனைக் கேட்ட பிள்ளை பின்னர் மறக்குமா?

மூன்று பட்டியல்களை எண்ணிக் கொள்க. ஒன்று 'நெசவாளர்': எண், பெயர், ஊர். மற்றொன்று 'பாவு': பாவெண், நெசவாளர் எண், கொடுத்த நாள், சரிகையின் எடை. மூன்றாவது 'சேலை': சேலையெண், பாவெண், முடித்த நாள், கூலி. நெசவாளரின் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு சேலைக்கும் திரும்பத் திரும்ப எழுதவேண்டுவதில்லை. எழுதினால், ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்தில் திருந்தாமல் நின்று, ஒருவனே இருவனாவான். ஆகலின் ஒவ்வொரு நெசவாளர்க்கும் ஓரெண். அதுவே முதன்மைத் திறவு. பாவுப் பட்டியலில் வந்து நிற்கும் அதே எண் அயற்றிறவு. நெசவாளர் பட்டியலில் இல்லாத எண்ணைப் பாவுப் பட்டியலில் ஏற்றலாகாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டால், இல்லாத ஆளின் பெயரால் பட்டு கொடுத்ததாகக் கணக்கெழுத இயலாது. இலக்கணம் ஒழுக்கமாக மாறும் இடம் இது!

பிரிந்து நிற்கும் பட்டியல்களை ஒன்றுசேர்ப்பது 'சாயின்' என்னும் கட்டளை. ஒரு பாவு முடியும்பொழுது, அதன் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை ஆரணிப் பிள்ளை திண்ணையிலேயே பார்த்திருக்கும். இழைக்குரிய இழையோடுதான் பிணைத்தல் வேண்டும். மாறிப் பிணைத்தால் கரை உடலுக்குள் வந்துவிடும். திறவுக்குரிய திறவோடு வரிசைகளைப் பிணைப்பதே 'சாயின்'. எவ்வெண்ணோடு எவ்வெண் என்று சொல்லாமல் விட்டுவிட்டால், எல்லா வரிசையும் எல்லா வரிசையோடும் பிணைந்து, நூறு நெசவாளரும் இருநூறு பாவும் இருபதினாயிரம் பொய்வரிசைகளாகப் பெருகிவிடும். இதனைப் புரியவைக்க எந்த ஆங்கிலம் வேண்டும்?

தறிக்கும் தரவுக்கும் உள்ள உறவு வெறும் உவமையும் அன்று. 1804-இல் பிரெஞ்சு நாட்டு இலியான் நகரத்துச் சாக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பூவேலையை நெய்யும் தறியமைப்பைச் செய்தார். அவர் பெயரால் வழங்கும் பெட்டியும் அட்டைக் கோவையும் ஆரணித் தறிகளின் தலைமேலும் ஏறின. துளையிட்ட அட்டையில் செய்தியைப் பதியும் அதே முறையை 1890-இல் அமெரிக்க மக்கட்டொகைக் கணக்கெடுப்பிற்கு எர்மன் ஆலரித்து கையாண்டார். அவர் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் கொண்டது. அந்நிறுவனத்திலிருந்துதான் கோடும் சேம்பர்லினும் பாய்சும் எழுதினர். தறியேறிய அட்டையின் வழியிலே வந்ததுதான் தரவுக் கணிப்பொறி. நெசவாளன் பிள்ளை அதன்முன் அயலானாக நிற்க வேண்டுவதில்லை.

நன்னூலும் கட்டளைகளும்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இம்மொழியின் சொற்றொடர் அமைப்பும் புதிதன்று. 'இன்செர்ட்டு இன்ட்டு நெசவாளர் (எண், பெயர், ஊர்) வேல்யூசு (7, 'பொன்னி', 'சேவூர்')' என்பது ஒரு கட்டளை. முதல் அடைப்பில் பெயர்கள் நிற்கின்றன. அடுத்த அடைப்பில் அவற்றிற்குரிய செய்திகள் அதே முறையில் நிற்கின்றன. முதலாவது முதலாவதோடும், இரண்டாவது இரண்டாவதோடும் சென்று பொருந்தும. நன்னூல் எண்வகைப் பொருள்கோளுள் ஒன்றாகச் சொல்லும் நிரனிறை இதுவன்றோ? அதிலும் இது முறைநிரனிறை. எதிர்நிரனிறையைக் கணிப்பொறி அறியாது. வரிசை மாறினால் ஊர் பெயராகவும் பெயர் ஊராகவும் ஏறிவிடும். இதனை இவ்வாறு சொல்லிக் கொடுத்தால், தமிழ் வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் ஒன்றையொன்று தாங்கும்.

இனி, வினவற் கட்டளைக்கு வருக. 'செலக்டு பெயர் பிரம் நெசவாளர் வேர் ஊர் = 'சேவூர்'' என்பது அதன் அமைப்பு. ஆங்கிலச் சொல்வரிசைப்படி, 'தேர்க' என்னும் வினை முன்னே நிற்கின்றது. ஆயின் கட்டளைக்குப் பொருள்கொள்ளும் முறை அதுவன்று. முதலில் எப்பட்டியல் என்பதைக் கொள்ளல் வேண்டும். அடுத்து எவ்வரிசைகள் பொருந்தும் என்பதைப் பிரித்தல் வேண்டும். அதன்பின்னரே வேண்டிய நெடுவரிசையைத் தேர்தல் இயலும். அஃதாவது, ஆங்கிலக் கட்டளையைக் கொண்டுகூட்டித்தான் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. தமிழிலோ, 'நெசவாளர் பட்டியலிலிருந்து, ஊர் சேவூராக உள்ளோரின், பெயரைத் தேர்க' என்பது இயல்பான தொடர். வினைமுற்று இறுதியில் நிற்பது தமிழின் நடை. அதுவே பொருள்கொள்ளும் நடையும் ஆகின்றது!

இன்னும் நீண்ட வினவலைப் பார்க்க. 'சேலைப் பட்டியலிலிருந்து, இவ்வாண்டு முடிந்தவற்றை எடுத்து, பாவுவாரியாகத் தொகுத்து, இரண்டுக்கு மேற்பட்ட சேலை உள்ள தொகுதிகளை மட்டும் நிறுத்தி, ஒவ்வொன்றன் கூலித்தொகையையும் தேர்ந்து, மிகுதியிலிருந்து குறைவாக வரிசைப்படுத்துக.' இத்தமிழ்த் தொடரில் வந்த ஆறு படிகளும், 'பிரம்', 'வேர்', 'குரூப்பு பை', 'ஏவிங்', 'செலக்டு', 'ஆர்டர் பை' என்னும் ஆறு கட்டளைச் சொற்களைப் பொருள்கொள்ளும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'செலக்டு' மட்டும் முன்னே ஓடிவிடுகின்றது. அதனாலேயே கற்போர் தடுமாறுகின்றனர். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பின்னர் அதனைக் கட்டளையாக எழுதும் பிள்ளை தடுமாறாது. தமிழ் இங்கே ஊன்றுகோல் அன்று, கண்.

'வேர்' என்னும் அவ்வயற்சொல் தமிழ்ச் செவிக்கு மரத்தின் வேராக ஒலிப்பது தற்செயலே. எனினும் அத்தற்செயலைப் பயன்கொள்க. 'டெலீட்டு பிரம் சேலை வேர் சேலையெண் = 12' என்றால் ஒரு சேலையின் கணக்கு நீங்கும். 'வேர்' இல்லாமல் 'டெலீட்டு பிரம் சேலை' என்று மட்டும் எழுதினால், பட்டியல் முழுதும் வெறிதாகும். 'அப்டேட்டு சேலை செட்டு கூலி = 0' என்று வேரின்றி எழுதினால், ஒரே நொடியில் ஊரார் கூலியெல்லாம் சுழியமாகிவிடும். வேரற்ற கட்டளை வீழ்த்தும் கட்டளை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எந்தப் பிள்ளையும் அதனை வாழ்நாளில் மறவாது. அவ்வாறு நேர்ந்துவிட்டாலும், செயற்றொகுதியைத் தொடங்கிவிட்டுச் செய்திருப்பின் 'ரோல்பேக்கு' என்று மீட்கலாம். 'கமிட்டு' என்று உறுதிப்படுத்திவிட்டால் மீட்பில்லை. அறுத்தபின் இழையைத் தறியில் தேடிப் பயனில்லை.

நெசவாளன் பிள்ளை தலையாயதாக அறிய வேண்டிய மற்றொன்று உண்டு. அது வெறுமை. கூலிக் கட்டத்தில் சுழியம் இருந்தால் கூலி ஏதும் இல்லை என்று பொருள். ஒன்றுமே எழுதாது விடப்பட்டிருந்தால், கூலி இன்னதென்று பதியப்படவேயில்லை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. கூட்டற் கட்டளை வெறுமையைப் பொருட்படுத்தாது தாண்டிச் சென்றுவிடும். பத்துச் சேலையுள் இரண்டன் கூலி எழுதாது விடப்பட்டாலும், எட்டன் தொகை குறையற்ற முழுத்தொகைபோற் காட்சியளிக்கும். 'கூலி = வெறுமை' என்று வினவினால் ஒன்றும் வாராது; 'வெறுமையாக உள்ளதா' என்று அதற்கெனவுள்ள தனிச்சொல்லால் வினவவேண்டும். இச்சிறு நுட்பம் தெரியாதவன் தொகையைக் கண்டு ஏமாறுவான், தெரிந்தவன், "எழுதாமல் விட்டவை எத்தனை?" என்று கேட்பான். இக்கேள்வியைக் கேட்பதற்குத்தான் இக்கல்வி!

மறுப்பார்க்கு மறுமொழி

"கட்டளையெல்லாம் ஆங்கிலமாயிருக்கத் தமிழில் கற்று என்ன பயன்?" என்பர் சிலர். அடிப்படை வினவலுக்கு வேண்டிய கட்டளைச் சொற்கள் முப்பதைத் தாண்டா. முப்பது சொற்களின் எழுத்துக்கூட்டை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அம்முப்பது சொல்லுக்காக ஆயிரம் பக்கக் கருத்தையும் அயன்மொழியில் படி என்பது, ஒரு படி உப்புக்காகக் கடலையே வீட்டுக்குள் விடுவதாகும். பட்டியலின் பெயரையும் நெடுவரிசையின் பெயரையும் தமிழெழுத்திலேயே வைக்க, மை-எசு.கியூ.எல்., போசுட்டுகிரெசு, எசு.கியூ.லைட்டு ஆகிய பரவலான தரவுத்தளங்கள் இன்று இடந்தருகின்றன. 'நெசவாளர்' என்றே பட்டியலுக்குப் பெயரிடலாம். 'கூலி' என்றே வரிசைக்குப் பெயரிடலாம். பொறிக்கு இல்லாத வெறுப்பு தமிழன் கூடத்துக்கு எங்கிருந்து வந்தது?

"தமிழில் கற்றவனுக்கு வேலை ஏது?" என்பது அடுத்த மறுப்பு. வேலை கொடுப்பவன் ஒரு பட்டியலைக் காட்டி, வினவல் எழுதுக என்பான். நெட்டுருவை ஒப்பிக்கச் சொல்லான். பொருள் தெரிந்தவன் எழுதுவான். ஆங்கிலம் வேண்டுமாயின் அதனையும் ஒரு மொழியாகக் கற்பான். அரசுப் பணியிலோ, தமிழ்வழி பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இலேயே இயற்றப்பட்டது. அதே 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. கணிப்பொறியியல் அன்று அவற்றோடு சேரவில்லை. பாலத்துக்கும் உருளைக்கும் பொருந்திய தமிழ் பட்டியலுக்குப் பொருந்தாதா?

"தமிழில் நூல் இல்லை" என்பது மூன்றாவது. இது பொய். 2012-இல் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழில் து. நித்யா இப்பொருளைத் தமிழில் எழுதினார்; 'எளிய தமிழில் மை-எசு.கியூ.எல்.' என்னும் மின்னூலாக அது விலையின்றி எவர்க்கும் கிடைக்கின்றது. நூற்பெயரில் அயற்சொல் உண்டு, உள்ளேயும் உண்டு. குறை காண்போர் காண்க. ஆனால் அப்பெண்மணி எழுதினார். குறை காண்போர் என்ன எழுதினர்?

இக்கேள்வி தனித்தமிழன்பரை நோக்கியும் கேட்கப்பட வேண்டுவதே. சொல்லாக்கம் செய்தோம் என்று பெருமிதம் கொண்டு, 'வினவல்', 'தரவு', 'திறவு' என்று பட்டியலிட்டு அச்சிட்டுப் பேழையில் வைத்துவிட்டால் மொழி வளர்ந்துவிடாது. பிள்ளையின் நாவில் ஏறாத சொல் பிறந்தும் பிறவாததே. கட்டளைச் சொற்களையே தமிழாக்கும் முயற்சியும் நடக்கட்டும். 'எழில்' என்னும் நிரல்மொழி தமிழ்ச் சொற்களாலேயே பொறிக்குக் கட்டளையிடலாம் என்று காட்டியுள்ளது. ஆயினும் அந்நாள் வரும்வரை கருத்தைப் பட்டினி போடலாகாது.

கேள்விக்குறியான பெயர்கள்

தமிழர் வாளாவிருந்ததன் விலையை ஒரு சிறு செய்தி உணர்த்தும். மை-எசு.கியூ.எல். 1995-இல் சுவீடன் நாட்டு நிறுவனத்தின் ஆக்கமாக வந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான மைக்கேல் வைடெனியசு, தம் மகளின் பெயராகிய 'மை' என்பதையே அதற்கு முன்னடையாக வைத்தார். எழுத்துகளை அடுக்கும் வரிசையாகச் சுவீடிய வரிசையையே இயல்பாக அமைத்தனர். ஏறத்தாழ ஒரு கோடி மக்களே உள்ள நாடு அது. அவர்தம் அகரவரிசையை உலகத்துத் தரவுத்தளங்கள் ஓசையின்றிச் சுமந்தன. அவ்வியல்பமைப்பு இலத்தீன் எழுத்துகளையே அறியும். மாற்றியமைக்கத் தெரியாதவர் அதில் தமிழ்ப்பெயரை ஏற்றினால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக விழுந்தது. ஒரு தந்தை தன் மகளின் பெயரைத் தரவுத்தளத்துக்கே சூட்டினான். மற்றொரு தந்தை தன் மகளுக்குச் சூட்டிய தமிழ்ப்பெயர் அத்தரவுத்தளத்துக்குள் கேள்விக்குறிகளாயிற்று! 2018-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் ஒருங்குறி அதன் இயல்பமைப்பாயிற்று.

அதன்பின்னும் சிக்கல் தீர்ந்ததா? 'பட்டு' என்பதில் எழுத்து மூன்று என்று முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும். எழுத்தெண்ணும் கட்டளை ஐந்து என்று விடை தரும். புள்ளியையும் உகரக் குறியையும் ஒருங்குறி தனித்தனியே எண்ணுவதால் வந்த வினை. வேறேற்பாடு செய்யாமல் எண்வரிசைப்படி அடுக்கும் தரவுத்தளத்தில் 'படம்' முன்னும் 'பட்டு' பின்னும் வரும். தமிழ் அகரமுதலியிலோ மெய் முன், உயிர்மெய் பின். னகரமும் பகரத்துக்கு முன்னே போய் அமர்ந்துகொள்ளும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 'தேசு-16' குறியீட்டைத் தமிழ்நாட்டரசு 2010-இல் தரமாக ஏற்றது; உலகத் தரவுத்தளங்களோ ஒருங்குறியிலேயே நிற்கின்றன. இவற்றைத் திருத்துபவர் யார்? தமிழிலக்கணமும் தெரிந்து, தரவுத்தளமும் தெரிந்த ஒருவர்தாம் திருத்த முடியும். அவ்விருவகை அறிவும் ஒருவரிடம் சேராதவாறு நடுவே சுவரெழுப்பி வைத்திருப்பது இற்றைக் கல்வி.

எசு.கியூ.எல். மொழியில் 'கிராண்டு' என்றொரு கட்டளை உண்டு. இன்னார்க்கு இப்பட்டியலைப் பார்க்கும் உரிமை வழங்குக என்பது அதன் பொருள். 'ரிவோக்கு' என்பது அவ்வுரிமையைத் திரும்பப் பெறுக என்பது. தன் கணக்கைத் தான் பார்க்கும் உரிமையை நெசவாளனுக்கு வழங்கும் கட்டளையை எவரும் தாமாக எழுதிவிடமாட்டார். எழுதுக என்று கேட்க வேண்டும். அப்படியொரு கட்டளை உண்டென்றே தெரியாதவன் எதைக் கேட்பான்?

ஆரணிப் பகுதியின் ஒவ்வொரு மேனிலைப் பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர், முதற்கண் வீட்டுத் தறிக் கணக்கைக் கொண்டுவரச் சொல்க. அதனைத் தாளில் பட்டியலாக்குக. தமிழில் வினவுக, பின்னர்க் கட்டளையாக எழுதுக. மென்பொருளுக்கு ஒரு காசும் வேண்டா, போசுட்டுகிரெசும் எசு.கியூ.லைட்டும் விலையின்றிக் கிடைப்பன. தமிழாசிரியர் நிரனிறையைக் கற்பிக்கும் நாளன்று கணிப்பொறி அறைக்கும் ஒருமுறை செல்க. பயின்ற இளைஞர், பாவு நீட்டும் தெருவிலேயே மாலைப்பொழுதில் நால்வர்க்குச் சொல்லிக் கொடுக்க. தனித்தமிழ் எழுத்தாளர் ஒவ்வொருவரும் ஒரு துறைக்கு ஒரு சிறு நூலேனும் எழுதுக.

கட்டளை அயன்மொழியில் இருக்கலாம். அது சிறிது காலத்து நிலை. கருத்தும் அயன்மொழியில்தான் இருக்கவேண்டும் என்பது அடிமை நிலை. முன்னதைப் பொறுக்கலாம், பின்னதைப் பொறுத்தலாகாது. பட்டை நெய்தவன் பட்டியலையும் ஆளட்டும்!